வலிக்கு ஷாக் வைப்பதென்றால், எதற்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வையுங்கள்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், வலிக்கும் மனதுக்கும் வைத்தியம் பார்க்கிற சென்னை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். தீராத வலிக்கு மின்வலிப்புச் சிகிச்சை தரலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் (ஈ.சி.டி. என்பீர்கள், எங்கள் பக்கம் 'ஷாக் வைக்கிறது' என்போம்), அதை வலிக்காகத் தருகிறாரா, வலியோடு ஒட்டிக்கொண்டு வந்த மனச்சோர்வுக்காகத் தருகிறாரா என்பதை நோயாளியிடம் தமிழில், எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் தர வேண்டும். அப்படி ஓர் உத்தரவு போடுங்கள். மனச்சோர்வுக்கு அது வேலை செய்யும் என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. வலிக்கு இருக்கிற சான்று ரொம்ப மெலிசு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கக் கூடாது.

ஷாக்குக்கு எதிராகக் கொடி பிடிக்க இதை எழுதவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார், காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மகன் போன பிறகு முதலில் பேச்சு நின்றது, அப்புறம் சாப்பாடு நின்றது, கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. மாத்திரைகள் வேலை செய்யக் காத்திருக்க நேரமில்லை என்று அரசு மருத்துவமனையில் ஈ.சி.டி. கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, ஒரு டீ போட்டுத் தர ஆளில்லையா இந்த வீட்டுல?" என்று கேட்டார். இன்றைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த மாதத்தில் யார் யார் வந்து பார்த்தார்கள் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லை. அதையும் மறைக்காமல் அவரே சொல்வார்.

சினிமாவில் காட்டுவதுபோல நாலு பேர் கையையும் காலையும் அமுக்க, நோயாளி அலற, ஒருத்தர் சுவிட்சைத் திருகுகிற காட்சி எல்லாம் இப்போது கிடையாது. 1938இல் ரோம் நகரத்தில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் ஆரம்பித்தபோது மயக்க மருந்து இல்லாமல்தான் செய்தார்கள். இன்று வெறும் வயிற்றில் வரச் சொல்லி, மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, பல் கடிபடாமல் வாயில் ரப்பர் வைத்து, சில விநாடி மின்துடிப்பு கொடுக்கிறார்கள். மூளையில் ஒரு நிமிடத்துக்குள் வலிப்பு வந்து போகும். வெளியே கட்டைவிரல் துடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று என, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தடவை வரை. ஒரு லட்சம் தடவை கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மரணம் என்கிறது உலக அளவில் எடுத்த கணக்கு. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற ஒரு காரியத்துக்கு இது குறைவுதான். கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிக்கிற ஜோக் எல்லாம் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் போடுவது.

சரி, என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தான். வலது கை மாட்டியது. விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், எலும்பு கூடியது, தையல் ஆறியது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வலி மட்டும் கூடிக்கொண்டே போனது. சில நாள் கை சிவந்து கொதிக்கும். சில நாள் நீலம் பாரித்துச் சில்லிட்டுக் கிடக்கும். நகம் கோணலாக வளர்கிறது. காற்று பட்டால் எரிகிறது என்று சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டுக் கையில் ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருமுறை ரேஷன் கடை மெஷினில் ரேகை சரியாக விழவில்லை என்று, கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான், அவன் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். அவன் போட்ட சத்தத்தில் மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. "காயமே இல்ல, என்னா நடிப்பு" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா சொன்னது எனக்குக் கேட்டது, அவனுக்கும் கேட்டது.

இதற்கு சி.ஆர்.பி.எஸ். என்று பெயர் என உங்களுக்குத் தெரியும். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் அடங்காமல் கை காலில் தங்கிவிடுகிற வலி நோய் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களிடம், புண் ஆறிய பிறகும் நெருப்பாய் எரிகிற வலியை வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். வலியை ஆராய்கிற உலக மருத்துவர் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும், உடம்பில் காயம் தெரிய வேண்டிய கட்டாயமில்லை, அந்த அனுபவமே வலிதான் என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள். இதெல்லாம் ரேஷன் கடை வரிசைக்கு வந்து சேர நாளாகும். மருத்துவமனைக்குள்ளாவது வந்து சேர்ந்திருக்கலாம்.

எங்கள் ஏரியாவில் வலிக்காரனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று பேர் போட்டு வருகிற செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கப்புறம் டாக்டர் சீட்டோடு போனாலும் மெடிக்கல் ஷாப்பில் என் தம்பியை மேலும் கீழும் பார்க்கிறார்கள். கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருகிற வடசென்னைப் பையன் என்றால் அவர்களுக்கு வேறு நினைப்பு. அதனால் மாத்திரை வாங்க நான்தான் போகிறேன்.

இந்த நிலையில்தான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.சி.டி. பேச்சு வந்தது. பெயர் எழுதவில்லை, அவர்களோடு சண்டை போட்டு ஆகப்போவதும் இல்லை. "எட்டு தடவை வெச்சா வலி போயிடும்மா" என்றார் டாக்டர். ஒரு தடவைக்கு இவ்வளவு, எட்டையும் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவோம் என்றார்கள் கவுன்ட்டரில். தீபாவளி ஜவுளியா இது? அப்புறம் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள், முழுக்க இங்கிலீஷில். நான் பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கையெழுத்துக்கு முன்னால் படிப்பது என் பிழைப்பு. படித்தேன். எதற்காக இந்தச் சிகிச்சை என்ற இடத்தில் ஒரே வார்த்தைதான் இருந்தது: டிப்ரஷன்.

வாயால் சொன்னது வலிக்கு. பேப்பரில் எழுதியது டிப்ரஷனுக்கு.

இது ஏன் என்று கேட்டேன். "அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றார்கள். புரியாததால்தானே கேட்கிறோம்? என் தம்பிக்கு மனச்சோர்வு இருக்கலாம். ராத்திரி தூங்காதவனுக்கு, வேலை போனவனுக்கு, நடிக்கிறான் என்று பேர் வாங்கினவனுக்கு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாள்பட்ட வலியும் மனச்சோர்வும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன, மூளையில் இரண்டும் நடமாடுகிற இடங்களும் பல பொதுவானவை. மனச்சோர்வு இறங்கினால் வலியின் கொடுமையும் கொஞ்சம் இறங்கும் என்று சொன்னால் நியாயம். ஆனால் அந்த டாக்டர் அவனிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்காமலே எழுதப்பட்ட டிப்ரஷன் அது.

அதன் பிறகு என்னால் முடிந்ததைப் படித்தேன். ஆபீஸில் வேலை குறைந்த மதியங்களில், புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு. வலிக்கு ஈ.சி.டி. கொடுத்துப் பார்ப்பது 1940களிலேயே தொடங்கிவிட்டது. துண்டித்த பிறகும் கால் அங்கேயே இருப்பதுபோல வருகிற வலிக்கு, பக்கவாதத்துக்குப் பிறகு வருகிற வலிக்கு, அக்கி வந்து போன இடத்தில் தங்கிவிட்ட வலிக்கு, என் தம்பிக்கு இருக்கிற இந்த வலிக்கு, எல்லாவற்றுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பான் மருத்துவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது. மனநிலை மாறாமலே வலி மட்டும் குறைந்தவர்களும் உண்டு. அதனால் இது முழுக்க மனச்சோர்வு வைத்தியத்தின் பக்க விளைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சிலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி திரும்பி வந்திருக்கிறது. பக்கவாத வலிக்காரர்களில் ஒரு பலனும் காணாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு நோயாளி, நாலு நோயாளி என்று எழுதப்பட்ட குறிப்புகள். குணமானவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள், ஆகாதவரைப் பற்றி யார் உட்கார்ந்து எழுதப்போகிறார்கள்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு நிஜ ஷாக், மறு கூட்டத்துக்கு மயக்க மருந்து மட்டும் என்று கொடுத்து, வலியை அளந்து பார்த்த பெரிய சோதனை எதுவும் இதன் பின்னால் நிற்கவில்லை. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஈ.சி.டி. கருவிகளைச் சற்றுத் தளர்வான வகைக்கு மாற்றியபோதுகூட, கடுமையான மனச்சோர்வுக்கும், அசைவும் பேச்சும் இல்லாமல் உறைந்துபோகிற கட்டடோனியா என்ற நிலைக்கும்தான் மாற்றியது. அந்தப் பட்டியலில் வலி இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. ஈ.சி.டி.க்கு முன் கொடுக்கிற மயக்க மருந்தாகச் சில இடங்களில் கெட்டமின் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கெட்டமினையே தனியாக, சி.ஆர்.பி.எஸ். வலிக்கு டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். அப்படியானால் வலி குறைந்தால் அது ஷாக்கால் குறைந்ததா, மயக்க ஊசியால் குறைந்ததா? டாக்டரிடம் இதைக் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் கையைக் கடிகாரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் வந்தது ஷாக்கின் மேல் இல்லை. வரிசையில் அதற்கு முன்னால் நிற்கிற எதையும் அவனுக்கு ஒழுங்காகக் காட்டவில்லையே என்றுதான். கையைப் பழக்குகிற பிசியோதெரபி, அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி நரம்பு வலி மாத்திரைகள், கழுத்து நரம்புமுடிச்சில் போடுகிற ஊசி. மூளையின் அசைவுப் பகுதியில் காந்தத் துடிப்பு கொடுக்கிற முறையும் இருக்கிறது. அதற்கு மயக்கம் வேண்டாம், வலிப்பு வரவைப்பதில்லை, நரம்பு வலிக்கு அது உதவும் என்பதற்கு ஐரோப்பிய நிபுணர்கள் உயர்ந்த தரச் சான்று என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அப்புறம் கண்ணாடி. துண்டித்த கையின் வலிக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்தியத்தைக் கண்டுபிடித்த வி.எஸ். ராமச்சந்திரன் எங்கள் ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். எங்கள் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே ஸ்டான்லிதான். சி.ஆர்.பி.எஸ்.ஸுக்கும் அந்தக் கண்ணாடியை வைக்கிறார்கள். நல்ல கையை அசைத்தால் கண்ணாடியில் கெட்ட கை அசைவதுபோலத் தெரியும். மிண்ட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கினேன். கூர் தேய்த்துக் கொடுக்கச் சேர்த்துக் கேட்டதுகூடப் பெரிய காசில்லை. எட்டு ஷாக்கைப் பேக்கேஜ் போட்டவர்கள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இப்போது சட்டம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளர் ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். எந்த வயதுக்காரருக்கும் அவசர சிகிச்சை என்ற பெயரில் ஈ.சி.டி. கொடுக்க முடியாது என்று 94ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் 95ஆவது பிரிவு பேசுவது 'மனநோய் உள்ள நபர்' பற்றி. மனநோய் இல்லாத, கை வலி மட்டும் இருக்கிற ஒருவருக்கு ஈ.சி.டி. கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்கும் நீளுமா? எங்கள் ஆபீஸ் வக்கீல் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாதாடலாம்" என்றார். வக்கீல் வாதாடலாம் என்றால் எழுத்தில் தெளிவாக இல்லை என்று அர்த்தம். பேப்பரில் டிப்ரஷன் என்று எழுதினால் சட்டம் காவல் நிற்கிறது, ஆனால் எழுதியது பொய். வலி என்று எழுதினால் உண்மை, ஆனால் காவல் நிற்குமா என்று தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நோயாளியை நிறுத்தி வைக்காதீர்கள். வலிக்காகக் கொடுத்தாலும் அதே விதிகள் அப்படியே பொருந்தும் என்று ஆணையம் ஒரு வரி எழுதினால் போதும்.

மொழி விஷயத்தில் சட்டத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. ஒப்புதல் என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்கிறபோது, ஆபத்து, பலன், மாற்று வழி எல்லாவற்றையும் அந்த நபருக்குப் புரிகிற மொழியிலும் முறையிலும் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்ய முடியாது என்று தீர்ப்பு சொன்னது. டிப்ரஷனுக்குக் கையெழுத்து வாங்கி வலிக்கு ஷாக் வைப்பதும் அந்தத் தீர்ப்புக்குள் வருகிற விஷயம் என்றே நினைக்கிறேன்.

நினைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு தடவைக்குப் பிறகு கொஞ்ச நாள் மறதி வரும், பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும், சிலருக்குப் பழைய நினைவுகளில் ஓட்டை நிரந்தரமாகத் தங்கும். படிவத்தில் இது ஒரு வரியில் போகிறது. என் தம்பி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன். அவன் தொழில் அவன் தலைக்குள் இருக்கிறது: பிரஸ்ஸில் மாட்டுகிற எந்த அச்சுக்கு எவ்வளவு தகடு, எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம். அவனுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. உயிருக்கே ஆபத்தான மனச்சோர்வில், எதிர்வீட்டு அத்தை மாதிரி, அந்த விலையைக் கொடுக்கலாம். பலன் உறுதியில்லாத ஒன்றுக்கு அதே விலையைக் கேட்கும்போது விலையைப் பெரிய எழுத்தில் போட வேண்டாமா?

அதனால் உத்தரவு போடும்போது இவற்றையும் சேருங்கள். வலிக்கு ஈ.சி.டி. என்ற முடிவை ஒரே மருத்துவர் எடுக்கக் கூடாது. அவர் ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத மனநல மருத்துவர் ஒருவரும் வலி மருத்துவர் ஒருவரும் நோயாளியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆணையத்துக்கு எழுத வேண்டும், ஆகாதவர்கள் கணக்கையும் சேர்த்து. மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்கிற வியாபாரம் கூடவே கூடாது. முதல் இரண்டு தடவையில் ஒருவருக்கு வேண்டாம் என்று தோன்றினால் மீதிப் பணம் திரும்பி வர வேண்டும்.

துறைக்குத் தனியாக ஒரு கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறீர்கள், எங்கள் தெருவுக்கும் வந்திருக்கிறார்கள், நன்றி. ஆனால் வலிக்காரனுக்கு எலும்பு டாக்டரை ஒரு நாள், நரம்பு டாக்டரை ஒரு நாள், மனநல டாக்டரை ஒரு நாள் என்று அலைந்தே கூலி போகிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதும் இல்லை. துறைமுகம், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பட்டறைகள் என்று கையையும் முதுகையும் உடைத்துக்கொள்கிற வேலைகள் எல்லாம் எங்கள் பக்கம்தான் இருக்கின்றன. இந்த டாக்டர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிற வலிப் பிரிவு ஒன்றை வடசென்னை அரசு மருத்துவமனையில் நடத்துங்கள். அங்கே எல்லாம் பார்த்த பிறகும் ஈ.சி.டி. தான் மீதி என்று அவர்கள் சேர்ந்து சொன்னால், அதை நான் வேறு காதால் கேட்பேன்.

என் தம்பி என்ன நினைக்கிறான் என்று கேட்பீர்கள். பிறகு பார்த்த அரசு மனநல மருத்துவர் அவனை உட்காரவைத்து ரொம்ப நேரம் பேசினார். மனச்சோர்வு இருக்கிறது, ஆனால் ஷாக் தேவைப்படுகிற அளவுக்கு இல்லை என்று மாத்திரை மாற்றிக் கொடுத்தார். மாத்திரையும் கண்ணாடிப் பயிற்சியும் சேர்ந்து கொஞ்சம் முன்னேற்றம். அந்தக் கையால் டம்ளர் பிடிக்கிறான், ஆறிய டீ என்றால். ஆனாலும் சில ராத்திரிகளில், "அக்கா, ஷாக்கே வெச்சுப் பாத்துடலாம், மறந்தா மறந்துட்டுப் போவுது" என்கிறான். அது அவன் உடம்பு, அவன் முடிவு. வலியோடு ராத்திரியைக் கழிக்கிறவன் அவன்தான், நான் இல்லை. எதற்கு, எவ்வளவு நம்பிக்கையில், என்ன விலையில் என்று தெரிந்து அவன் சொன்னால் நான் கூடவே போய் உட்காருவேன்.

அடுத்த மாதம் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு மறுபடி போகிறோம். அதற்குள் தமிழில் ஓர் ஒப்புதல் படிவத்தை நானே டைப் செய்து வைத்திருக்கிறேன். சிகிச்சைக்கான காரணம் என்ற இடத்தில் 'வலி', 'மனச்சோர்வு' என்று இரண்டு கட்டம், டிக் அடிக்க வேண்டியது டாக்டர். ஆணையத்திலிருந்து ஒரு படிவம் வந்தால் என்னுடையதைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். வராவிட்டால் இதைத்தான் அவர் மேஜையில் வைப்பேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா